இருபத்தைந்து சுற்று

அயோவாவில் ஏப்ரல்.
இன்னும் விதைக்காத சோளவயல்கள்மேல்
தடுப்பாரின்றி வந்த காற்று
எதிர்ப்பக்க நேர்த்தடத்தில்
பெண்களை முகத்திலேயே அறைகிறது.

நான் ஓடவில்லை.
என் வலது கால் எலும்பில் மயிரிழை விரிசல்;
முழங்கால்வரை ஏறும் மருத்துவக் காலணிக்குள்
ஆறு வாரமாய்ச் சும்மா இருக்கிறது.
ஆய்வுக்கூடத்துக்குப் படம் எடுக்கிறேன்.
சுற்றுக்கு நான்கு வினாடி,
பின்னாலிருந்து, இடுப்பு தெரிய.

பத்தாயிரம் மீட்டர். இருபத்திரண்டு பேர்.
நான் பார்ப்பது ஒருத்தியை மட்டும்:
மாரென் ஓஸ்ட்பி,
தாவரநோய்ப் பாடம் படிப்பவள்,
இரண்டு காலுக்கும் இரண்டு நிறத்தில் காலுறை போடுபவள்,
என் இடத்தில் ஓடுபவள்.

மூன்றாம் சுற்று.
கால் தரையில் பாவவில்லை என்பார்கள்.
பாவுகிறது.
ஒவ்வொரு முறையும் நூற்றுத் தொண்ணூறு மில்லிவினாடி.
அளந்திருக்கிறோம்.

ஒன்பதில்
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
தொட்டும் தொடாமலும்.
உருளை வறுவல் ஒன்றை நொறுங்காமல் பிடித்திருப்பதாக
நினைத்துக்கொள் என்பார் பயிற்சியாளர் ஹெஃப்லின்.
மாரெனின் வறுவல் முழுசாய் இருக்கிறது.

பதினான்கில் பேட்டரி மாற்றினேன்.
என்ன நடந்ததென்று தெரியாது.

பதினேழு.
இடது இடுப்பு இறங்கியது.
ஒரு விரற்கடை இருக்கும்.
சட்டையின் கீழ்விளிம்பு சாய்ந்ததில்தான் கண்டுபிடித்தேன்,
சுவரில் கோணலாய்த் தொங்கும் படத்தைக்
கண்டுபிடிப்பதுபோல.
அதன்பின் வலது முழங்கை வெளியே விரிந்தது.
தோள்கள் காதைத் தேடி ஏறின.
காலடிச் சத்தம் மாறியது:
இதுவரை தட், தட்.
இப்போது சப்பென்று, ஈரத்துணியை அறைவதுபோல.

"தோள்! தோள்!" என்று கத்துகிறார் ஹெஃப்லின்.
இரண்டு எட்டுக்குத் தோள் இறங்குகிறது,
மூன்றாவதில் பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

அவள் விழ வேண்டுமென்று நினைத்தேனா?
நினைத்தேன்.
ஒன்றரைச் சுற்று தூரத்துக்கு.

இருபத்தொன்றில்
ஊதாச் சட்டைக்காரி ஒருத்தி அவளைக் கடந்தாள்.
பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டு வரையலாம்,
அப்படி ஒரு ஓட்டம்.
முதுகு நேர், முழங்கால் நேர், முகம்கூட நேர்.
இருபத்து மூன்றில் அவளே
தடத்தைவிட்டு இறங்கிப் புல்லில் குனிந்து நின்றாள்.
ஏனென்று தெரியவில்லை.
அவளை நான் படமெடுக்கவில்லை.

மாரென் அவளைத் தாண்டிப் போனாள்
வாய் ஒரு பக்கம், எச்சில் ஒரு பக்கம்.
வறுவல் எப்போதோ தூளாகிவிட்டது;
கை இறுக மூடிய முஷ்டி.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
எண்பத்து நான்கு.
அதற்கு முந்தைய சுற்று எண்பத்து நான்கு.
மூன்றாம் சுற்றும் எண்பத்து நான்கு.

உடம்பில் ஒவ்வொன்றாய்க் கெட்டுப்போன எல்லாம்
எங்கோ சந்தித்துப் பேசி
அதே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கடைசிச் சுற்று மணி.
அந்தச் சுற்றை எழுதத் தெரியவில்லை.
எழுபத்தொன்பது வினாடி.

ஏழாவதாய் வந்தாள்.
கோட்டைத் தாண்டியதும் மல்லாந்து கிடந்தாள்.
பனிக்கட்டிப் பையோடு நொண்டிப் போனேன்.
கண்ணைத் திறக்காமல் கேட்டாள்:
"எப்படி இருந்தது?"
"கேவலம்" என்றேன்.
சிரிக்கப் போய் இருமல் வந்தது.
என் காலணியின் பட்டையைப் பிடித்துக்கொண்டு
இருமி முடித்தாள்.

இரவு பதினொன்று. ஆய்வுக்கூடம்.
இடுப்பெலும்பின் இரு முனையிலும் புள்ளி வைத்துக்கொண்டே போகிறேன்.
சுற்று மூன்று: இரண்டு பாகை.
சுற்று பதினேழு: ஆறு.
சுற்று இருபத்து நான்கு: எட்டரை.

அந்தச் சட்டகத்தில்
அவளுக்குப் பின்னால், தடத்தின் செந்நிறத்தில்
நீளமாய் விழுந்திருக்கிறது ஒரு நிழல்.
என்னுடையது.
ஒரு கால் காலணியால் உயர்ந்து நிற்க,
இடது இடுப்பு இறங்கியிருக்கிறது,
நின்ற இடத்திலேயே.

புள்ளி வைத்துப் பார்த்தேன்.
ஒன்பது.